ஏரியில் நின்ற மழை: அடையாற்றுக் கரையின் உழவும் தோட்டமும்

அடையாறு என்னும் பெயர் இன்று பெரும்பாலானோர்க்குத் தென்சென்னையின் ஒரு குடியிருப்புப் பகுதியையே நினைவூட்டுகிறது. ஆயினும் அப்பகுதிக்குப் பெயர் தந்த ஆறு, மலையில் பிறந்து வரும் ஆறுகளின் இனத்தைச் சேர்ந்ததன்று. மணிமங்கலம், ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், சோமங்கலம் முதலிய ஊர்களின் ஏரிகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பித் தத்தம் வயல்களுக்கு வேண்டியது போக எஞ்சிய நீரை வழியவிட, அந்நீர் ஓடைகளாகக் கூடி, திருநீர்மலைக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியையும் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. உழவர் எடுத்துக்கொண்டது போக மீந்த மழையே அடையாறு எனலாம். ஆகவே இந்த ஆற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஆற்றுக்கு முன்னால் மழையையும், மழையை நிறுத்தி வைத்த ஏரிகளையும், அவற்றின் கீழ் வாழ்ந்த சிறு உழவரையும் தோட்டக்காரரையும் எழுதவேண்டியவராகின்றனர்.

சென்னைக்கு ஆண்டுதோறும் சராசரியாகக் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். இதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்வது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரில் தன் நீரின் பெரும்பகுதியை இறக்கிவிட்டு வருவதால், ஆனி முதல் புரட்டாசி வரை இக்கரைக்குக் கிடைப்பவை மாலை நேரத்து இடிமழைகளே. ஆண்டு முழுவதற்குமான மழைநாள்களைக் கூட்டினால் அறுபதை ஒட்டியே நிற்கும். சம்பா நெல்லோ நாற்றங்காலில் விதை விழுந்த நாளிலிருந்து கதிர் அறுக்கும் நாள்வரை ஐந்து அல்லது ஆறு மாதம் நிலத்தில் நிற்கும் பயிர். அறுபது நாளில் விட்டுவிட்டுப் பெய்வதை நூற்றைம்பது நாளுக்கும் அதற்கு மேலும் பயிரின் வேரில் நிறுத்துவது எப்படி என்னும் கேள்விக்குத் தொண்டைமண்டலத்து உழவர் கண்ட விடைதான் இந்நிலப்பரப்பின் வேளாண் வரலாறு. மழையின் பயனை அவர்கள் பெய்த அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிடவில்லை. பெய்தது எத்தனை நாள் நின்றது என்பதே அவர்களுக்கு முதன்மையான கணக்காக இருந்தது.

இதை அவர்களது அளவைச் சொற்களே காட்டுகின்றன. பஞ்சாங்கம் ஆண்டுக்கு இத்தனை மரக்கால் மழை என்று வானத்தை நெல்லளக்கும் மரக்காலால் அளந்து சொல்லும். வயலில் நிற்பவரோ 'ஓர் உழவு மழை', 'ஈருழவு மழை' என்று மண்ணைக் கொண்டு அளந்தார். ஓர் உழவு மழை என்பது கலப்பையின் கொழு இறங்கும் ஆழத்துக்கு ஒருமுறை உழுவதற்குப் போதுமான ஈரத்தைத் தந்த மழை; அதற்குக் குறைவானது தூசியை அடக்கும், விதைப்புக்கு உதவாது. ஒரே அளவு மழை மணற்பாங்கான நிலத்தில் ஆழ இறங்கும், களிமண்ணில் மேலோடு நிற்கும் என்பதால், இந்த அளவை ஊருக்கு ஊர், செய்க்குச் செய் வேறுபடும். அங்குலக் கணக்குக்கு அகப்படாத மண்ணின் இயல்பை உள்ளடக்கியது என்ற வகையில், உழுபவருக்கு இதைவிடப் பயனுள்ள அளவை ஒன்றைக் காண்பது அரிது.

மழையின் பருவத்தை ஒட்டியே பயிரின் பட்டங்கள், அதாவது விதைப்புக்கு உரிய காலங்கள், வகுக்கப்பட்டிருந்தன. செங்கற்பட்டுப் பகுதியில் சித்திரை வாக்கில் தொடங்கி ஆவணிக்குள் முடியும் குறுகிய காலப் பயிருக்குச் சொர்ணவாரி என்றும், ஆடி, ஆவணியில் தொடங்கித் தையில் முடிவதற்குச் சம்பா என்றும், மார்கழியில் தொடங்கி ஏரியில் எஞ்சிய நீரைக்கொண்டு விளைவிக்கப்படுவதற்கு நவரை என்றும் பெயர். சம்பாவின் இளமைக் காலத்தை ஆடி, ஆவணி இடிமழையும் வளர்ச்சிக் காலத்தை ஐப்பசி அடைமழையும் தாங்கின. நவரையோ முற்றிலும் ஏரியை நம்பியது. சித்திரை, வைகாசியில் எப்போதாவது பெய்யும் கோடை மழைக்கும் தனி மதிப்பு இருந்தது. அந்த ஈரத்தில் நிலத்தைப் புழுதிபட உழுது போட்டால், களைகளின் வேரும் மண்ணுள் உறங்கும் கூட்டுப்புழுக்களும் வெயிலில் காய்ந்து அழிவதோடு, அடுத்து வரும் மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்கும்.

சிறு உழவருக்கு மழை தந்த நன்மை பெரிய மிராசுதாருக்குத் தந்ததைவிடக் கூடுதலானது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். மிராசு என்பது ஊர் நிலத்திலும் விளைச்சலிலும் பரம்பரையாக வந்த பங்குரிமை. அவ்வுரிமை இல்லாமல் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுதவர் பாயக்காரிகள் எனப்பட்டனர், அவருள் ஊரிலேயே தங்கியவர் உள்குடி, வெளியூரிலிருந்து வந்து உழுதவர் புறக்குடி. கிணறு வெட்டும் பொருளும் கவலை இழுக்கும் நல்ல மாட்டு இணைகளும் மிராசுதாரிடம் இருந்தன. கவலை என்பது தோற்பையைக் கயிற்றில் கட்டி மாடுகளைச் சரிவில் ஓட்டி நீர் இறைக்கும் முறை. மாடு வாங்க வழியற்றவர் ஏற்றம் இறைத்தார், அதாவது துலாவின் மீது ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே மற்றொருவர் சால் என்னும் நீர்க்கலத்தைப் பிடித்துக் கவிழ்க்க, விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை ஓயாத உழைப்பு. ஒரு நல்ல மழை பெய்தால் இந்த உழைப்பு சில நாளுக்கு நின்றது. அந்நாள்களில் அவ்வுழவர் குடும்பத்தால் களை எடுக்கவும் வேலி கட்டவும் பிறர் நிலத்தில் கூலிக்குப் போகவும் முடிந்தது. மழை, ஏழை உழவருக்கு நீரை மட்டும் தரவில்லை. நேரத்தையும் மாட்டின் உடல்வலிமையையும் மீட்டுத் தந்தது.

ஏரி என்னும் அமைப்பு இந்த நன்மையை ஊருக்குப் பொதுவாக்க முயன்ற ஏற்பாடு. தாழ்வான சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவில் மண்கரை எழுப்பி, மேலிருந்து வரும் நீரை வரத்துக்கால் வழியே கொணர்ந்து தேக்கி, கரையின் அடியில் அமைந்த மதகு வழியாக வயலுக்கு விடுவர். பழைய கல்வெட்டுகள் மதகைத் தூம்பு என்று குறிக்கும். ஏரி நிரம்பினால் கரை உடையாமல் உபரி வெளியேறுவதற்கு ஒரு பக்கம் கல்லால் கட்டிய தாழ்ந்த வழிவாய் கலங்கல் எனப்படும்; நீர் அதில் வழிவதை 'ஏரி கோடி போகிறது' என்று வடதமிழக ஊர்களில் இன்றும் சொல்வர். ஓர் ஏரியின் கோடிநீர் அடுத்த ஏரியின் வரத்தாக அமையுமாறு மேட்டிலிருந்து கடற்கரை வரை சங்கிலியாக ஏரிகள் தொடுக்கப்பட்டிருந்தன. சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். அடையாற்றங்கரை ஈக்காட்டுத்தாங்கலின் பெயரில் அச்சொல் இன்றும் நிற்கிறது. ஏரியால் நீர் பாயும் நிலப்பரப்பு ஆயக்கட்டு. கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வெட்டி எடுத்து வயலில் இட்டனர்; மேட்டு நிலத்திலிருந்து மழை அரித்துக் கொணர்ந்த வளமான மண் இவ்வாறு பயிருக்குத் திரும்பியது, ஏரியின் கொள்ளளவும் குறையாமல் நின்றது. ஏரிக்குக் கீழிருந்த கிணறுகள் கசிவினால் ஊறின என்பதால், ஆயக்கட்டுக்கு வெளியே கீரையும் கத்தரியும் வைத்திருந்த சிறு தோட்டக்காரரும் ஏரியில் நின்ற மழையால் பயனடைந்தனர்.

இந்த அமைப்பைப் பேணுவதற்கு நிறுவனங்கள் இருந்தன. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்தரமேரூரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர்ச்சபை குடவோலை முறையில் தேர்ந்த வாரியங்களைப் பற்றிப் பேசும்போது ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் தனித்தனியே குறிக்கின்றன. ஏரியைக் கண்காணிப்பதற்கும் தோட்டத்தைக் கண்காணிப்பதற்கும் தனித்தனிக் குழு வேண்டும் என்று ஓர் ஊர் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தது என்பது, நீரின் பயன் நெல்லோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு வலுவான சான்று. பிற்காலத்தில் கரைக்கு மண் அணைப்பது, மதகைச் செப்பனிடுவது முதலிய வேலைகளை ஆயக்கட்டு உழவர் கூடிச் செய்த வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் என்பதை நடத்திவைத்தவர் நீர்க்கட்டி. அறுவடையில் ஒரு பங்கு அவருக்கு மேரையாக, அதாவது ஊழியத்துக்கு உரிய பங்காக, களத்திலேயே அளக்கப்பட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனி, ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றபின், தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அச்சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்தோறும் நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரியும் குளமும் தோப்பும் கொண்ட நிலம் எவ்வளவு, விளைச்சலிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பன அக்கணக்குகளிலும் அவற்றோடு ஒத்த ஊர்க் கணக்கர்களின் ஓலைகளிலும் பதிவாயின. அரசுக்கான பங்கைப் பிரிக்கும் முன்பே களத்துநெல்லில் ஏரிக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கப்பட்டது என்பது இப்பதிவுகளில் தெளிவாகத் தெரிகிறது. ஏரி, கோயிலையும் கணக்கரையும் தச்சரையும் போல விளைச்சலில் பங்குடைய ஓர் உறுப்பினராகவே ஊரில் கருதப்பட்டது.

எனினும் இந்த ஏற்பாட்டைப் பொன்னுலகமாகச் சித்தரிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. நீர்க்கட்டிகளும் கரைக்கு மண் சுமந்தவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் காத்த நீர் பாய்ந்த நஞ்சையில் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அளித்த அறிக்கையே, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு வழிவகுத்தது. பஞ்சமி நிலம் என்று பின்னர் பெயர்பெற்றது அதுவே. அவ்வாறு ஒதுக்கப்பட்டவை பெரும்பாலும் தரிசாகக் கிடந்த மேட்டு நிலங்கள், ஏரிநீர் ஏறாதவை. அவற்றின் உடைமையாளருக்கு வானத்து மழை ஒன்றே பாசனமாக இருந்தது. கேழ்வரகு, கம்பு, வரகு, எள், கொள்ளு என மானாவாரியாக, அதாவது மழையை மட்டும் நம்பி, விளைவிக்கப்பட்ட பயிர்களின் வரலாறு அவர்களது வரலாற்றோடு பிணைந்தது. நெல்லுக்கு எழுதப்பட்ட அளவுக்கு அது எழுதப்படாமல் போனது பெருங்குறை.

கடலை ஒட்டிய அடையாறு, திருவான்மியூர், மயிலாப்பூர் பகுதிகளில் மழை வேறொரு வகையில் வேலை செய்தது. இங்கே மண் மணற்பாங்கானது. பெய்வது ஓடுவதற்கு முன் உள்ளே இறங்கிவிடும். கடலோர மணலுக்கடியில் உப்புநீர் இருக்க, அதைவிட அடர்த்தி குறைந்த மழைநீர் அதன்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். ஆழம் குறைந்த கிணறுகளில் தோட்டக்காரர் இறைத்தது இந்தப் படலத்து நீரைத்தான். ஆண்டுதோறும் பருவமழை படலத்தைத் தடிப்பாக்கும். கோடை முழுதும் இறைத்தால் மெலியும். அளவுக்கு மீறினால் கீழிருக்கும் உவர் மேலேறும். ஆற்றின் முகத்துவாரமும் அப்படியே. கோடையில் அலைகள் மணலைத் தள்ளி வாயை அடைக்க, பருவமழையின் வெள்ளம் வந்து உடைத்துத் திறந்து, கழிமுகத்து உப்பைக் கடலுக்குத் தள்ளியது. மழைநீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு என்பதால், கிணற்றுநீர் பாய்ச்சிப் பாய்ச்சி வேர்ப்பகுதியில் சேர்ந்துவிட்ட உவரை ஐப்பசி மழை கழுவிக் கீழிறக்கியது. இடிமின்னலின்போது காற்றிலுள்ள நைட்ரஜனில் சிறிதளவு பயிர் உண்ணும் வடிவுக்கு மாறி மழையோடு மண்ணில் சேர்வதும் உண்டு. மழை விழுந்த மறுநாள் கீரைப் பாத்தி பசுமை கொள்வதை இறைத்த நீரால் கொண்டுவர முடியாது என்று தோட்டக்காரர் சொல்வதற்கு இவையெல்லாம் அடிப்படை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலத்து மழை முதன்முறையாகக் கருவிகளின் பார்வைக்குள் வந்தது. கம்பெனியின் வானியலாளரும் நில அளவையாளருமான மைக்கேல் டாப்பிங், 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையத்தை நிறுவினார். 1794இல் அவர் யோசனையின்படி எட்டுச் சிறுவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளியே வளர்ந்து, 1920இல் அடையாற்றுக்குத் தென்புறம் கிண்டிக்கு இடம்பெயர்ந்த பொறியியற் கல்லூரி ஆனது. ஏரிகளையும் நீர்வழிகளையும் கண்காணிக்கும் பொறுப்பும் டாப்பிங்கிடம் தரப்பட்டது. வானத்தை நோக்கவும் ஏரியைப் பேணவும் ஒருவரையே அமர்த்தியதில், மழையும் வருவாயும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதைக் கம்பெனி அறிந்திருந்தது தெரிகிறது. 1813 முதல் சென்னையின் மழையளவுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. இந்தியாவின் மிகப் பழைய மழைப்பதிவுத் தொடர்களுள் இதுவும் ஒன்று. டாப்பிங்கின் காலத்தை ஒட்டி, 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை ராமர் காத்தருளினார் என்னும் புகழ்பெற்ற தலக்கதை அவர் பெயரோடு சேர்ந்தே வழங்குகிறது.

ஆனால் பிளேஸ் போன்றோரின் முயற்சிகள் தனிமனித முயற்சிகளாகவே நின்றன. களத்தில் ஏரிக்கென்று ஒதுக்கப்பட்ட பங்கு அரசின் வருவாய்க் கணக்குக்குள் படிப்படியாக மறைய, ஏரியைப் பழுதுபார்க்கும் பணம் தொலைவிலுள்ள அலுவலகத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நிலை வந்தது. குடிமராமத்து தளர்ந்ததைக் கண்ட அரசு, 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் அவ்வழக்கத்தைச் சட்டக் கடமையாக்க முயன்றது. விளைச்சலில் பங்கும் முடிவெடுக்கும் உரிமையும் தம்மிடம் இருந்தபோது உழவர் தாமே செய்த வேலையை, அவ்விரண்டும் போனபின் தண்டனையைக் காட்டிச் செய்விப்பது எளிதாக இருக்கவில்லை.

அடையாற்றங்கரையில் மழைக்கும் சிறு உழவுக்குமான உறவு ஓர் ஆராய்ச்சிப் பொருளாகவே ஆனது சைதாப்பேட்டையில்தான். ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை உள்ளிட்ட கருவிகள் வரவழைக்கப்பட்டு, 1865இல் அங்கே அரசின் மாதிரிப் பண்ணை தொடங்கப்பட்டது. 1868இல் வேளாண் பள்ளி ஒன்றும் அதனோடு சேர்ந்தது. நெடுங்காலம் அதை நடத்திய ராபர்ட்சன் முதலியோரின் நோக்கம், உள்ளூர் உழவரின் முறையைவிட மேம்பட்ட முறையைக் கண்முன் காட்டித் திருத்துவது. நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறுகிறதே தவிரப் புரட்டுவதில்லை, ஆகவே மழைநீர் உள்ளிறங்காமல் ஓடிவிடுகிறது, இரும்புக் கலப்பையால் ஆழ உழுதால் அது மண்ணுக்குள் சேமிக்கப்படும் என்பது அக்காலத்து ஐரோப்பிய வேளாண் அறிவின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் கனத்த கலப்பையை இழுக்கும் மாடு சிறு உழவரிடம் இல்லை என்பதும், ஆழப் புரட்டிய ஈரமண் இந்நாட்டு வெயிலில் விரைவில் காயும் என்பதும், இலேசான கலப்பையால் பலமுறை உழுது மேற்பரப்பைப் புழுதியாக்குவதே ஈரத்தைக் காக்கும் என்பதும் உழவரின் பக்கத்து நியாயங்கள். ஆற்றோரத்து மெலிந்த மணல்நிலத்தில் அமைந்த பண்ணை, சுற்றுப்புற உழவர் கண்டு பின்பற்றத்தக்க விளைச்சலைக் காட்டுவதும் கடினமாகவே இருந்தது.

இங்கிலாந்தின் அரச வேளாண் கழகத்து வேதியியலாளர் வோல்க்கர், 1889 இறுதியில் இந்தியாவுக்கு வந்து ஓராண்டுக்கு மேல் சுற்றிப் பார்த்து, 1893இல் வெளியான தம் அறிக்கையில் வந்தடைந்த முடிவு இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. இந்திய உழவர் பொதுவாகக் கருதப்படுவதுபோல் பின்தங்கியவர் அல்லர் என்றும், அவருக்குக் குறைவாக இருப்பவை நீரும் எருவும் போன்ற வசதிகளே என்றும் அவர் எழுதினார். சைதாப்பேட்டைப் பள்ளி பின்னர் கல்லூரியாக வளர்ந்து, 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் தொடக்கத்தை 1868ஆம் ஆண்டின் அந்தச் சைதாப்பேட்டைப் பள்ளியில்தான் காண்கிறது.

பண்ணையின் சோதனைகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே மழை இல்லாமையின் பொருளும் அடையாற்றங்கரையில் கண்கூடாகத் தெரிந்தது. 1876இல் பருவமழை பொய்த்துத் தொடங்கிய பெரும்பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. ஏரிகள் வறண்ட செங்கற்பட்டு ஊர்களிலிருந்தும் அப்பாலிருந்தும் மக்கள் நகரை நோக்கி வந்தனர். 1877, 1878ஆம் ஆண்டுகளில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டும் பணி பஞ்ச நிவாரணமாக அவர்களுக்குத் தரப்பட்டது. வடக்கிலும் தெற்கிலும் முன்பே இருந்த கால்வாய்களை இணைத்து, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது அதுவே. மண்வெட்டியும் கூடையுமாக உழைத்த அக்கைகளுள் பல, சில ஆண்டுகள் முன்புவரை வயலில் வரப்பு வெட்டிய கைகள். பஞ்சத்துக்குப் பின் அரசு 1883இல் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஏரி வாரியாக அளவெடுத்துப் பழுதுபார்க்க முற்பட்டது. அதுவும் மெல்லவே நகர்ந்தது.

நகரத்தை ஒட்டிய ஏரிகளின் முடிவு இருபதாம் நூற்றாண்டில் வந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து மவுண்ட் ரோட்டின் மேற்குப் புறமாகச் சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை ஆங்கிலேயர் நீண்ட ஏரி என்ற பொருளில் அழைத்தனர். அதன் ஒரு பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்றும் மறுபகுதிக்கு நுங்கம்பாக்கம் ஏரி என்றும் பெயர். 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 1920களில் அந்த ஏரி வடிக்கப்பட்டு அதன் நிலப்பரப்பில் மாம்பலம் குடியிருப்புத் திட்டம் எழுந்தது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயரால் அது தியாகராய நகர் ஆயிற்று. ஏரியின் வடபகுதியில் எஞ்சியிருந்த பள்ளத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் இன்றும் வழங்கும் ஏரிப் பகுதி, ஏரிக்கரைச் சாலை என்னும் பெயர்களே அந்த நீர்ப்பரப்புக்கு எஞ்சிய சான்றுகள். அதன் வடிகாலாகிய மாம்பலம் கால்வாய் இன்னமும் அடையாற்றில்தான் சேர்கிறது. பெருமழையின்போது தியாகராய நகரின் தாழ்ந்த தெருக்களில் நிற்கும் நீர், ஏரி இருந்த இடத்தையே தேடி வந்து நிற்கிறது.

ஆற்றுக்குத் தெற்கே மாற்றம் சற்றுப் பின்னால் வந்தது. 1940களின் இறுதியில் காந்தி நகரும், அதன்பின் கஸ்தூரிபா நகரும், 1960, 1970களில் பெசன்ட் நகரும் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்டன. கோட்டூர், உரூர், வேளச்சேரி போன்ற பழைய ஊர்கள் அவற்றினிடையே பெயரளவில் நின்றன. நஞ்சை என்றும் தோப்பு என்றும் வருவாய்ப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்த நிலம், மனையாகவும் தார்ச்சாலையாகவும் மாறியபோது, மழை இறங்கும் வாய்கள் அடைபட்டன. 1882இல் பிரம்மஞான சங்கம் வாங்கிய ஆற்றோரத் தோட்டம், பிற்காலத்தில் ஏறத்தாழ 250 ஏக்கராக விரிந்து, தன் ஆலமரத்தோடும் மணல் தரையோடும் பெரிதும் அப்படியே நிற்பது, இப்பகுதியின் மண் மழையை எவ்வாறு உள்வாங்கியது என்பதைக் காண எஞ்சியுள்ள இடங்களுள் ஒன்று.

மழை இறங்கும் வழி அடைபட்டதன் விளைவு கிணறுகளில் தெரிந்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, கடலோர மணலில் மிதந்த நன்னீர்ப் படலம் மெலிய, 1980, 1990களில் பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பகுதிகளில் உவர்நீர் அச்சம் எழுந்தது. சென்னைப் பெருநகரப் பகுதியின் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987இல் தனிச்சட்டம் வந்தது. பெசன்ட் நகரில் வீடுவீடாகச் சென்று கூரைநீரைக் கிணற்றில் விடுமாறு எடுத்துச் சொன்ன சேகர் ராகவன் போன்றோரின் முயற்சியால், 2002இல் மந்தைவெளியில் மழை மையம் தொடங்கியது. மந்தைவெளி என்ற பெயரே கால்நடை மேய்ந்த வெளியைக் குறிப்பது. 2003இல் தமிழகம் முழுவதும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரையில் விழுவதைக் குழாயால் இறக்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழியில் வடித்து மண்ணுக்குள் விடும் இந்த ஏற்பாடு, ஏரிக்குக் கீழே கசிவு செய்த வேலையின் ஒரு சிறு பகுதியை வீட்டு முற்றத்தில் செய்வது. மாடித் தோட்டத்திலும் கொல்லையிலும் காய்கறி வளர்க்கும் நகரத்துக் குடும்பங்களுக்கு அதன் பயன் நேரடியானது. கிணறு உவர்க்காத தெருவில்தான் முருங்கையும் கறிவேப்பிலையும் தழைக்கின்றன.

2015 நவம்பரில் சென்னையில் பெய்த மழை ஆயிரம் மில்லிமீட்டரைக் கடந்தது. டிசம்பர் 1ஆம் நாள் ஒரே பொழுதில் தாம்பரத்தில் ஏறத்தாழ 490 மில்லிமீட்டர் கொட்ட, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியும் சேர்ந்து அடையாறு இருகரையும் மீறியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஒரே ஆற்றுப்படுகையில் இவ்விரண்டும் இவ்வளவு குறுகிய இடைவெளியில் நிகழ்ந்ததை மழையின் குணமாற்றத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. மேட்டு ஊர்களின் தாங்கல்கள் ஒவ்வொன்றும் பிடித்து வைத்த நீர் இப்போது பிடிப்பாரின்றி ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வருகிறது; வந்த வேகத்தில் கடலுக்குப் போய்விடுகிறது.

படுகையின் மேற்பகுதியில் உழவு இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை ஏழாம் நூற்றாண்டில் எதிர்த்துப் போரிட்ட மணிமங்கலத்தைச் சுற்றிலும், சோமங்கலம், ஆதனூர்ப் பக்கங்களிலும், மனைக்கற்கள் நட்ட நிலங்களுக்கு இடையே ஏரிப்பாசன வயல்களும் கீரைத் தோட்டங்களும் காணப்படுகின்றன. ஏரி கோடி போன ஆண்டில் அங்குள்ள சிறு உழவர் சம்பா கதிர் முற்றுவதற்கு முன்பே நவரைக்கு விதைநெல்லை எடுத்து வைக்கின்றனர். ஏரி பாதியில் நின்ற ஆண்டில் அதே நிலத்தில் எள்ளோ உளுந்தோ விதைக்கின்றனர். கலங்கலில் வழியும் நீர் முடிச்சூர் தாண்டி, திருநீர்மலை தாண்டி, சைதாப்பேட்டைப் பாலத்தின் கீழ் வருவதற்குள், வரும் சித்திரை வரை அந்த ஊரில் என்ன விளையும் என்பது முடிவாகியிருக்கும்.